வண்டி நிக்குது, ஓட்ட ஆள் இல்ல

வணக்கம் சார்,

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். பக்கத்து வீட்டு பெரியவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து முன்னாள் ராணுவத்தினரை, அவங்களுக்குன்னு இருக்கற அரசாங்கத் துறையான விஏவோட ஆஸ்பத்திரிக்கு வேன்ல கூட்டிட்டு போய் கூட்டிட்டு வர்றார். சம்பளம் கிடையாது. ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கான அமைப்பு டிஏவி, தொண்டர்களுக்கு தேசிய அளவுல ஜார்ஜ் சீல் நினைவு விருதுன்னு ஒண்ணு தருது. அதுக்கு உங்க பேரை அனுப்புறோம்னு கேட்டாங்களாம். "நான் என்ன பண்ணிட்டேன், வண்டிதானே ஓட்டுறேன்"னு மறுத்துட்டார். அந்த அடக்கம் எனக்கு புல்லரிச்சிடுச்சு சார். சேவைக்கு விருது தேவையா? அப்புறம், வியட்நாம் ஈராக்னு போன ஒரு ராணுவத்துக்கு செய்யற சேவையை நாம எப்படி எடுத்துக்கறது?

தம்பி,

ரெண்டாவது கேள்வியை முதல்ல தள்ளி வச்சிடறேன். போர் வேணும்னு முடிவு பண்ணவன் எவனும் அந்த வேன்ல ஏற மாட்டான். ஏறுறது, பத்தொம்பது வயசுல அனுப்பி வைக்கப்பட்டு இப்ப கண்ணு மங்கி காது மந்தமாகி சர்க்கரையோட உக்காந்திருக்கிற கிழவன். வியட்நாம்ல தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்சுங்கற செடிகொல்லி ரசாயனத்தோட தொடர்பு உண்டுன்னு அரசாங்கமே ஏத்துக்கிட்ட வியாதிகள்ல அந்த சர்க்கரையும் ஒண்ணு. அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதுக்கு அரசியல் விளக்கம் கேக்காதீங்க.

உங்க கடிதத்துல எனக்கு கோவம் வந்த இடம் அந்த புல்லரிப்புதான். நம்ம ஆளுங்களுக்கு ஒருத்தர் விருது வேணாம்னா போதும், உடனே மகான் ஆக்கிடுவோம். அந்த வேன் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஆஸ்பத்திரிக்கு வந்து போற செலவுக்கு நிறைய பேருக்கு குடுத்துட்டு இருந்த பணத்தை அரசாங்கம் வெட்டினதும், 1987ல டிஏவி இந்த வேன் ஏற்பாட்டை ஆரம்பிச்சுது. வேனை வாங்கி விஏகிட்ட குடுத்துடுவாங்க, ஓட்டறது முழுக்க தொண்டர்கள். ஓட்டறவங்கள்ல பாதிக்கு மேல அவங்களே பழைய சிப்பாய்ங்கதான்னு எனக்கு தோணும், நான் பாத்தவரைக்கும் அப்படித்தான். விஏ ஆஸ்பத்திரிகள்ல தொண்டர்களை முறையா சேத்துக்கறதே 1946ல, ஜெனரல் ஒமர் பிராட்லி விஏவுக்கு தலைமையா இருந்தப்ப ஆரம்பிச்சதுதான். அந்த நாட்டோட கடனை அன்னிலேர்ந்து இந்த மாதிரி ஆளுங்க தோள்ல சுமக்கறாங்க, நீங்க அதை அடக்கம்னு ஒரே வார்த்தையில எழுதி முடிச்சுட்டீங்க.

உங்க ஒஹையோவுலயே டேட்டன் பக்கம் பொண்ணு வீட்ல கொஞ்ச மாசம் இருந்தேன். பார்க்ல நடக்கறப்ப இப்படி ஒரு டிரைவர் பழக்கமானார், கொரியாவுல இருந்துட்டு வந்தவர். காலைல இருட்டோட கிளம்பி வீடு வீடா ஏத்திக்கிட்டு போவாராம், கடைசி ஆளுக்கு டாக்டர் பாத்து முடிக்கற வரைக்கும் லாபியில காத்திருப்பாராம், அப்புறம் ஒவ்வொருத்தரா இறக்கி விடணும். அவர் சொன்ன ஒண்ணு என் மனசை விட்டு போகவே இல்ல. ஒரு பெரியவர் வேன்ல வர்றப்ப சொல்வாராம், ராத்திரி போடற மாத்திரையை நிறுத்திட்டேன், போட்டா பழைய கனவெல்லாம் வருதுன்னு. உள்ள போய் டாக்டர்கிட்ட "எல்லாம் நல்லா இருக்கு"ம்பாராம். பொண்டாட்டிகிட்டயும் சொன்னதில்ல. கூட பட்டவன்கிட்ட, அதுவும் முகத்தை பாக்காம ரோட்டை பாத்துக்கிட்டு இருக்கறவன்கிட்டதான் வாய் திறக்குது. "அடுத்த தடவை நீயே டாக்டர்கிட்ட சொல்லு, இல்லன்னா நானும் உள்ள வந்து உக்காருவேன்"னு இவர் மிரட்டி, அப்புறம்தான் மாத்திரையை மாத்தினாங்களாம். விருதுக்கு மணிக்கணக்கும் மைல் கணக்கும் எழுதி அனுப்பலாம், இதை எந்த கட்டத்துல எழுதறது? உங்க பெரியவர் "வண்டிதானே ஓட்டுறேன்"னு சொல்றப்ப இதையெல்லாம் சேத்து முழுங்கிடறார் தம்பி.

அதனாலதான் அவர் மேடை ஏறணும்ங்கறேன். மெடலுக்காக இல்ல. கொரோனாவுல வேன்கள் நின்னப்போ வீட்டோட இருந்த வயசான டிரைவர்கள் நிறைய பேர் அதுக்கப்புறம் திரும்பி வரல. பல ஊர்ல வண்டி ஷெட்ல நிக்குது, ஓட்ட ஆள் இல்லாம அப்பாயின்ட்மென்ட் தள்ளி போகுது. அதுவும் இந்த வேன்ல சொந்தமா ஏறி இறங்க முடிஞ்சவங்க மட்டும்தான் வரலாம், டிரைவர் தூக்கி உக்கார வைக்க முடியாது. வீல்சேர்ல இருக்கறவன் கதியை யார் பேசறது? வருஷா வருஷம் டிஏவியோட மாநாடு நடக்குது, கேமரா இருக்கு, பெரிய மனுஷங்க முன்வரிசையில இருக்காங்க. அங்க போய் அவர் இதை சொன்னா கேப்பாங்க, நீங்களோ நானோ எழுதினா எவன் கேப்பான்? கிடைக்குதோ இல்லையோ, பேரையாவது அனுப்ப விடச் சொல்லுங்க. அவருக்கு அன்பா புரிய வைங்க, அதட்டாதீங்க, அதட்டறது எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கட்டும்.

விருது தேவையான்னு கேட்டீங்க. வாங்கறவருக்கு தேவையில்ல, சரி.

இன்னொண்ணு. அந்த வேனை ஓட்ட முன்னாள் ராணுவத்தினரா இருக்கணும்னு சட்டம் இல்ல. லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஒரு மெடிக்கல் செக்கப், இந்த மாதிரி சில சோதனைகள்தான். உங்களுக்கும் லீவு நாள் இருக்கும்ல? ஆஸ்பத்திரியில டிஏவி கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் உக்காந்திருப்பார். இந்த வாரமே பெரியவரோட போய் அவரை பாருங்க.