நியூ ஜெர்சிக்கு மூட்டை கட்டும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எடிசன் பக்கம் குடிவந்து பதினெட்டு வருடமாகிறது. புதிதாக வரும் நம் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து வேலை மாற்றலாகி வருகிறோம். அமெரிக்காவிலேயே நெரிசலான மாநிலம் என்கிறார்களே, மூச்சு முட்டுமா?

நெரிசல் உண்மைதான், 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 93 லட்சம் பேர், சதுர மைலுக்கு 1,260-க்கும் மேல். ஆனால் ஊருக்கு ஊர் தலைகீழாக மாறும். யூனியன் சிட்டியில் ஒன்றே கால் சதுர மைல் சொச்சத்தில் 68,000 பேர் இருக்கிறார்கள், தெற்கே போனால் பைன் மரக்காடு மட்டுமே மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மொத்தம் 564 ஊர் நிர்வாகங்கள். பள்ளி, சொத்து வரி, ராத்திரி தெருவில் கார் நிறுத்தலாமா என்பது வரைக்கும் ஊரை வைத்துத்தான். அதனால் முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள், வீடு அப்புறம். இன்னொன்று, டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, இங்கே உண்டு, சம்பளத்தைப் பேசும்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒன்றரை மாத வாடகைதான் சட்டப்படி உச்சவரம்பு. அந்தப் பணத்தை வட்டி வரும் கணக்கில் போட்டு, காலி செய்த 30 நாளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும், பிடித்தம் செய்தால் எதற்கென்று கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் கவனியுங்கள்: வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, வாடகைக்கு விட்டிருப்பது இரண்டு போர்ஷனுக்கு மேல் இல்லை என்றால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். நம்மவர்கள் பலர் இப்படி மாடி போர்ஷனில்தான் ஆரம்பிக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

ஆபீஸ் நியூயார்க்கில், மன்ஹாட்டனில். இரண்டு மாநிலத்துக்கும் வரி கட்ட வேண்டுமா?

இரண்டு இடத்திலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், ஆனால் ஒரே சம்பளத்துக்கு முழுசாக இரண்டு வரி விழாது. நியூயார்க்கில் வெளி மாநிலத்தவராகக் கட்டியதற்கு நியூ ஜெர்சி கழிவு தரும். உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களையும் நியூயார்க் பொதுவாகத் தன் கணக்கில்தான் சேர்க்கும், இதைக் கேட்டுப் பலர் திகைத்துப்போகிறார்கள். காரில் போகலாம் என்று நினைக்காதீர்கள், 2025 ஜனவரியிலிருந்து 60-ம் தெருவுக்குத் தெற்கே நுழைய, பகலில் 9 டாலர், சுரங்கப்பாதை டோல் வேறு. ரயில்தான் வழி, ஆனால் ஸ்டேஷன் பார்க்கிங் பெர்மிட் கிடைக்குமா என்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விசாரியுங்கள்.

நல்ல பள்ளிக்காக நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

வேண்டாம். கண்டுபிடித்தால் படித்த நாட்களுக்குக் கட்டணம் கேட்பார்கள், பிள்ளையையும் நடுவருடத்தில் மாற்ற வேண்டிவரும், அதுதான் பெரிய வேதனை. தபால் முகவரியையும் நம்பாதீர்கள்: 'பிரின்ஸ்டன்' என்று முகவரி இருக்கும், வீடு வெஸ்ட் வின்ட்சரிலோ சவுத் பிரன்ஸ்விக்கிலோ இருக்கும், பள்ளி மாவட்டமே வேறு. விலாசத்தைச் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

வீடு வாங்கப் போகிறோம். எதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்?

பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளம்; அங்கே வெள்ளம் ஏறுமா என்பதை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்ச மழை கொட்டியபோது இந்த மாநிலத்தில் மட்டும் 30 பேர் இறந்தார்கள், பலர் காரில் வெள்ளத்தில் சிக்கி. எங்கள் தெருவில் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறி நின்றதைப் பார்த்தவன் நான், ஆற்றிலிருந்து வெகுதூரம்தான் இருந்தோம். நெரிசலான ஊர்களில் மண்ணைவிடக் கான்கிரீட் அதிகம், மழைநீர் இறங்க இடமில்லை. 2024 மார்ச்சிலிருந்து விற்பவர் வெள்ள விவரத்தைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது உண்டு. கேட்டு வாங்குங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவர்கள் மறைக்கமாட்டார்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. தனி வெள்ளக் காப்பீடு எடுத்தாலும், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலாகும், புயல் செய்தி வந்தபிறகு ஓடிப் பயனில்லை.

பழைய வீடென்றால் தோட்டத்து மண்ணுக்கடியில், வீட்டைச் சூடாக்கப் புதைத்த எண்ணெய் டேங்க் இருக்கிறதா என்று ஆள் வைத்துச் சோதியுங்கள், கசிந்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில். ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தம் என்றால் கையெழுத்தானபின் மூன்று வேலை நாட்கள் வக்கீல் பரிசீலனைக்கு உண்டு, அதை வீணாக்காதீர்கள். சொத்து வரி சராசரியாக வருடத்துக்கு 10,000 டாலரை ஒட்டி வருகிறது, வங்கித் தவணையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

கார் விஷயத்தில்?

60 நாளுக்குள் லைசென்ஸையும் பதிவையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் நீங்களே போடக்கூடாது, ஆள் வருவார், காரிலேயே உட்காருங்கள். சில சிக்னல்களில் இடதுபக்கம் திரும்ப வலது ஓரத்தில் பிரியும் கிளைச் சாலையில் இறங்கிச் சுற்றி வர வேண்டும், முதல் வாரம் பலகையைப் பார்த்து மெதுவாக ஓட்டுங்கள்.