வரையவா, எழுதவா, வேலையை விடவா?

கேள்வி: வயது 27. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் ரோபோ, ராக்கெட் என்று குழந்தைகளுக்கு அறிவியல் கதை எழுதி, படமும் நானே வரைகிறேன். "இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறார்கள் தோழிகள். நான் படித்தது பி.காம். வேலையை விட்டுவிட்டு இதில் முழுமூச்சாக இறங்கலாமா? அம்மா பயப்படுகிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, வேலையை இப்போது விடாதீர்கள். படத்தையும் விடாதீர்கள், எழுத்தையும் விடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு சத்யஜித் ராய் ஞாபகம்தான் வந்தது. நமக்கு அவர் சினிமா இயக்குநர். வங்காளத்துப் பிள்ளைகளுக்கோ, புரொஃபசர் ஷோங்கு என்ற விஞ்ஞானியை எழுதி வரைந்து தந்தவர்.

1943-ல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் படம் போடும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 80 ரூபாய். கூடவே சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டைப்படங்கள் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்கு வரைந்ததும் அவர்களுக்காகத்தான். அந்தக் கதையே அவருடைய முதல் சினிமா ஆனது. 1955-ல் அது வெளிவரும்வரை மாதச் சம்பளத்தை அவர் விடவில்லை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஷோங்கு வந்தது 1961-ல், ராய்க்கு 40 வயதில். தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகை நின்றுபோயிருந்தது. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து ராய் அதை மறுபடி கொண்டுவந்தார். பத்திரிகை என்றால் பக்கம் நிரம்ப வேண்டுமே! எழுத உட்கார்ந்தார். கடைசிவரை எழுதினார்: ஷோங்கு கதைகள் மட்டும் முழுசாக 38, பாதியில் நின்றவை 2.

பி.காம். பற்றிக் கவலையே வேண்டாம். பிரசிடென்சி கல்லூரியில் ராய் பட்டம் வாங்கியது பொருளாதாரத்தில். அவருடைய முதல் ஷோங்கு கதையைப் பாருங்கள். சுந்தரவனத்தில் எரிகல் விழுந்த பள்ளத்தில் ஒரு டைரி கிடைக்கிறது. மை நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. தாள் ரப்பர் போல இழுபடுகிறது, தீயில் வைத்தாலும் எரியவில்லை. அப்பேர்ப்பட்ட டைரியைக் கடைசியில் எறும்புகள் தின்றுவிடுகின்றன! செவ்வாய்க்குப் போகிற ராக்கெட்டில் விஞ்ஞானியோடு வேலைக்காரர் பிரகலாதும், நியூட்டன் என்ற பூனையும், விதுசேகர் என்ற ரோபோவும் ஏறுகிறார்கள். எதிரியை மணிக்கணக்கில் தும்ம வைக்கும் மூக்குப்பொடித் துப்பாக்கியும் உண்டு. இதற்கெல்லாம் இயற்பியல் பட்டமா வேண்டும்? ஒரு குழந்தை எதைப் பார்த்தால் கண்ணை விரிக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

வரைகிற கை இதற்கு ரொம்ப உதவும் என்பது என் கட்சி. கதையில் 'ஒரு விசித்திர இயந்திரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வரையும்போது முடியாது. சுவிட்ச் எங்கே, கைப்பிடி எங்கே, ஆள் எப்படி ஏறுவார் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அதனால் முதலில் இயந்திரத்தை வரையுங்கள், அப்புறம் அதைப் பார்த்து எழுதுங்கள். தோழிகளின் யோசனை நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது.

சம்பளம் வரட்டும். மாதம் ஒரு கதை, நாலு பக்கம், இரண்டு படம். சந்தேஷுக்கு இருந்த மாதிரி ஒரு கெடு உங்களுக்கும் வேண்டும். எழுதியதை எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நெளிகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கே வெட்டுங்கள். ஒரு வருடம் இப்படிப் போனால் கையில் 12 கதைகள் இருக்கும். வேலையைப் பற்றி அப்போது அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம்.

இன்னொன்று: பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பும்போது படங்களின் நகலை மட்டும் அனுப்புங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். கதைக்கும் படத்துக்கும் உரிமை யாருக்கு, பணம் எவ்வளவு என்பதைத் தனித்தனியாக எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.