துப்பாக்கி பேரல் மாற்றுகிறேன் என்று புரோக்கரிடம் போகாதீர்கள்

வேளச்சேரி வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் .22 ஜெர்மன் ரைஃபிள் முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. 50 மீட்டரில் குரூப்பிங் சிதறுகிறது, அதாவது குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. புது பேரல் (குழல்) போட நல்ல கன்ஸ்மித், துப்பாக்கி மெக்கானிக், யார்? அம்பத்தூர் லேத் பட்டறையில் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்."

முதலில் அந்த ஒருவரின் நம்பரை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டறைக்காரர் பம்ப் ஷாஃப்டை அழகாகக் கடைந்து தருவார், மறுக்கவில்லை. ஆனால் ஆயுதச் சட்டம் 1959, 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். தனி பேரலும் சட்டப்படி துப்பாக்கிதான். அதைக் கூரியரில் வரவழைக்கிறேன் என்னும் புரோக்கர் கமிஷனோடு போய்விடுவார், கேஸ் உங்கள் மேல் நிற்கும்.

இதில் இன்னொரு கூத்து, "பழைய பேரலை நானே எடுத்துக்கிறேன் சார்" என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். பழைய ரைஃபிள்களில் பேரலிலும் நம்பர் அடித்திருப்பார்கள். அது எவனுடைய கள்ளத் துப்பாக்கியிலாவது மாட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சரி, பேரல் உண்மையிலேயே போய்விட்டதா? .22 ஈயக் குண்டு. நன்றாகப் பராமரித்தால் பல்லாயிரம் ரவுண்டு தாங்கும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கழற்றி வையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை பேரல் முனையின் உள்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே சில்லு விழுந்திருக்கிறது. இரும்புக் கம்பியை முனை வழியாக விட்டுத் துடைத்துத் துடைத்தே பலர் இப்படிக் கெடுக்கிறார்கள். போதாததற்கு நம் ஊர் உப்புக்காற்று. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகும் ஸ்டாக் (பிடிக்கும் கட்டை) திருகும் இறுக்கமா என்றும் பாருங்கள்.

பார்க்காமலே "பேரல் போச்சு" என்னும் கன்ஸ்மித்தை விட்டுவிடுங்கள். ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தோட்டாவின் விளிம்பு உட்கார போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் கருவி அது. இடைவெளி கூடினால் தோட்டா விளிம்பு வெடித்து சூடான புகை முகத்தில் அடிக்கும். "கண்ணாலேயே பார்த்துடுவேன்" என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். எழும்பூர் ரைஃபிள் கிளப்பில் பழைய ஷூட்டர்களை விசாரித்து, அவர் வேலை செய்த ரைஃபிளின் டார்கெட் பேப்பரைக் கேட்டுப் பாருங்கள்.

முனையை மட்டும் சீவினால் போதும் என்று அவர் சொல்லலாம். அது நியாயம்தான். ஆனால் பேரலைக் குட்டையாக்க 6ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் கேட்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரா ஒரு அடியா என்று சட்டம் பிரிக்கவில்லை. விளையாட்டுக்காரன் விளிம்பைச் சீர் செய்வதும் ரௌடி குழலை அறுப்பதும் ஒரே வரியில்! மாற்றச் சொன்னால் யார் காதில் விழுகிறது? அதனால் கடையின் லைசென்ஸில் பழுது, குட்டையாக்கல் இரண்டும் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

துப்பாக்கி நம்பர் போட்ட ரசீது இல்லாமல் ரைஃபிளைக் கடையில் விடாதீர்கள். பேரல் மாறுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே கமிஷனர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் எப்போது வரும் என்று கேட்காதீர்கள், ஃபைல் அதன் இஷ்டத்துக்குத்தான் நகரும். மனு பெற்றுக்கொண்டதற்கான முத்திரை போட்ட நகலை மட்டும் அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள்.