மை பரவுகிறது, தூரிகை பிளக்கிறது: எங்கே தவறு?

கேள்வி: சீன எழுத்துக்கலை பழகத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சுவான் தாளில் கோடு இழுத்ததும் மை பரவிவிடுகிறது. பாதியிலேயே தூரிகை முனை இரண்டாகப் பிரிகிறது. பிறகு சின்னத் தூரிகையால் ஓரங்களைத் திருத்துகிறேன். சரியா?

பதில்: முதலில் தாளை மாற்றுங்கள். அன்ஹுய் மாகாணத்தில் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யும் சுவான், பதப்படுத்தாத நிலையில் ஈரத்தை உடனே உறிஞ்சும். கை தயங்கிய இடத்திலெல்லாம் மை ஊறி நிற்கும். படிகாரமும் பசையும் ஏற்றிய சுவானில் அவ்வளவாகப் பரவாது. ஆனால் பழகுவதற்கு மூங்கில் கூழில் செய்த மஞ்சள் தாளே போதும், விலையும் குறைவு.

அடுத்தது நீர். மைக்கட்டியை இழைப்பதானால் கல்லில் ஒரே தடவையில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். கட்டியை நிமிர்த்திப் பிடித்து, சந்தனம் இழைப்பதுபோல நிதானமாக வட்டமிடுங்கள். கட்டி போன தடம் உடனே மூடாமல் சற்று நின்றால் பதம் வந்துவிட்டது. நேற்றைய மை வேண்டாம். அதிலுள்ள விலங்குப் பசை கெட்டுவிடுவதால் கரியும் நீரும் பிரிந்து பரவும். தோய்த்த தூரிகையைக் கல்லின் விளிம்பில் உருட்டி வழித்து, துண்டுத் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். சுற்றிலும் மயிரிழைபோல் மை கிளம்பினால் இன்னும் வழிக்க வேண்டும்.

முனை பிளப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மயிரின் அடியில் காய்ந்து இறுகிய பழைய மை. எழுதி முடித்த கையோடு குளிர்ந்த நீரில் அடிவரை பிதுக்கிக் கழுவி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அரக்கு கலந்த ஓவிய மையில் தோய்த்தால் அந்தத் தூரிகை தேறாது. இன்னொன்று, தூரிகையைச் சாய்த்து இழுப்பது. கிடைக்கோட்டுக்கு முனையை முதலில் இடப்பக்கம் தள்ளி, திருப்பி அழுத்தி, வலப்பக்கம் கொண்டுபோய், முடிவில் லேசாகத் தூக்கி அழுத்தி, வந்த வழியே திரும்பி எடுங்கள். அந்தத் திருப்பத்தில்தான் விரிந்த மயிர்கள் ஒன்றுகூடும். முனை எப்போதும் கோட்டின் நடுவில் ஓட வேண்டும்.

திருத்துவதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். பார்ப்பவர் இங்கே வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. கை எங்கே விரைந்தது, எங்கே நின்றது என்று கோட்டின் வழியே கூடவே போகிறார். ஒட்டுப்போட்ட கோட்டில் அந்த வழி அறுந்துபோகிறது. தாங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் யென் சென்சிங் 758இல், கலகத்தில் கொல்லப்பட்ட அண்ணன் மகனுக்காக எழுதிய இரங்கலுரை வெறும் வரைவுதான். அடித்த சொற்கள், மை வற்றி வறண்ட கோடுகள், மறுபடி தோய்த்ததும் திடீரென்று கறுக்கும் எழுத்துகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. சீன எழுத்துக்கலையின் உச்சங்களில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் அதே யெனின் திருத்தமான கல்வெட்டு எழுத்தைப் பார்த்துப் பழகுங்கள். 752இல் எழுதிய தோபாவ் கோபுரக் கல்வெட்டின் படிகள் எளிதில் கிடைக்கும்.