வாக்கர் என்றால் நடப்பவரா?

கேள்வி: நாங்கள் போத்தனூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். எங்கள் குடும்பப் பெயர் வாக்கர். தாத்தா ரயில்வேயில் டிரைவராக இருந்தவர். மூதாதை ஒருவர் படையில் நெடுந்தூரம் நடந்தே தகவல் கொண்டுபோனதால் இந்தப் பெயர் வந்தது என்று அத்தை சொல்வார். இப்போது இணையத்தில் ‘வாக்கர் குடும்பத்தின் குலச்சின்னம்’ என்று சட்டமிட்ட படம் ஒன்றை விற்கிறார்கள். மகள் திருமணத்துக்குப் பரிசாக வாங்கலாம் என்று எண்ணம். அது உண்மையானதா? எங்கள் பூர்வீகத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: முதலில் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் குலச்சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல, ஓர் ஆளுக்கு உரியது. அரசரின் பெயரால் ஒருவருக்கு வழங்கப்படும். பிறகு அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் சாசனம் கொடுத்துத் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும் லண்டன் அமைப்புதான் இன்றும் இதைப் பார்த்துக்கொள்கிறது. வாக்கர் என்ற பெயருள்ள சிலருக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டிருப்பது உண்மை. அவர்களில் ஒருவரின் சின்னத்தை எடுத்து அச்சிட்டு, வாக்கர்கள் எல்லோருக்கும் விற்கிறார் அந்தக் கடைக்காரர். சுவரில் மாட்டினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் அது யாரோ ஒருவருடைய சொத்து.

அடுத்து அத்தையின் கதை. அத்தை முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. பெயரில் கால்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை சாலையில் நடந்த கால்கள் அல்ல, தொட்டிக்குள் நின்று துணியை மிதித்த கால்கள்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்தக்கூடியதாக இருப்பதில்லை. ஆட்டு மயிரின் கொழுப்பும், நூற்கும்போது சேர்த்த எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். நெசவும் இடைவெளி விட்டு நெகிழ்ந்திருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாட்பட்ட சிறுநீரை ஊற்றி, ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். சிறுநீரில் உருவாகும் அம்மோனியா கொழுப்பைக் கரைக்கும், களிமண் அதை உறிஞ்சும். ஈரமும் மிதியும் சேர்ந்து கம்பளி இழைகளை ஒன்றோடொன்று பின்னவைக்கும். துணி சுருங்கி, தடித்து, காற்றும் மழையும் எளிதில் புகாததாக மாறும். பிறகு மரச்சட்டங்களில் கொக்கிகளால் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தக் களிமண் நமக்கு அந்நியமானதல்ல. முகப்பொலிவுக்கு என்று கடைகளில் விற்கும் முல்தானி மட்டி அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வேலையைச் செய்தவருக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கெரே’ என்று பெயர். உருட்டுவது, புரட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல். அந்த வினைக்கு நடப்பது என்ற பொருள் அழுத்தமாகப் படிந்தது ஏறத்தாழ 1200ஆம் ஆண்டையொட்டித்தான். அதாவது, ‘வாக்’ என்றால் நடை என்று ஆவதற்கு முன்பே துணி மிதிப்பவர் வாக்கர் ஆகிவிட்டார். பின்னாளில் நடைப் பொருளே மேலோங்கியதால் எல்லோருக்கும் குழப்பம். இதில் ஸ்காட்லாந்தின் ஒரு விஸ்கிக்கும் பங்குண்டு. 1820இல் கில்மார்னக் ஊரில் மளிகைக்கடை திறந்த ஜான் வாக்கரின் பெயரில் வந்த அந்தப் பானத்துக்கு, 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் கைத்தடியுடன் வீறுநடை போடும் மனிதரை வரைந்து கொடுத்தார். அதன்பின் வாக்கர் என்றாலே நடப்பவர் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது!

மிதிக்கும் வேலை வெகுகாலம் கால்களிடமே இருந்துவிடவில்லை. ஆற்று நீரால் சுழலும் சக்கரம் மரச்சம்மட்டிகளைத் தூக்கித் துணியின்மேல் போடும் ஆலைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1185இல் டெம்ப்ளர் என்னும் சமயப் போர்வீரர் அமைப்பின் நிலபுலன்களைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரின் நியூசம் என்ற இடத்தில் அப்படி ஓர் ஆலை பதிவாகியிருக்கிறது. கால்கள் ஓய்ந்த பிறகும் தொழிலின் பெயர் மாறவில்லை. வட இங்கிலாந்தில் அந்த ஆலைகளையே ‘வாக் மில்’ என்றார்கள்; இன்றும் அந்தப் பெயரில் இடங்கள் இருக்கின்றன.

உங்கள் தேடலுக்குச் சற்று உதவக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. இதே தொழிலைச் செய்தவர்களுக்குத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்றும், டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்குப் பகுதிகளில் டக்கர் என்றும், நடுப்பகுதியிலும் வடக்கிலும் வாக்கர் என்றும் பெயர். எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் 1471இல் கட்டிய சங்கக் கட்டடம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றே நிற்கிறது. ஆகவே உங்கள் முன்னோர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தால், யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்காட்லாந்தையும் ஒதுக்கிவிட முடியாது. அங்கும் இதே தொழில், இதே பெயர். கேலிக் மொழியில் துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் பெயர் கொண்டிருந்தவர்களும் ஆங்கிலத்தில் வாக்கர் என்று எழுதிக்கொண்டார்கள். நியூகாசில் நகரில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரையொட்டி வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. சுவரருகே உள்ள சதுப்பு என்பது அந்த இடப்பெயரின் பொருள். தொழிலோடு அதற்குத் தொடர்பில்லை.

ஆனால் வாய்ப்பை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பளி நெய்த ஊர்தோறும் மிதிப்பவர் இருந்தார். தந்தையின் தொழில்பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு பரம்பரைப் பெயராக உறைந்தது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். தெற்கில் முன்னதாக, வடக்கில் சற்றுத் தாமதமாக. ஒன்றோடொன்று உறவே இல்லாத எத்தனையோ வாக்கர் குடும்பங்கள் தனித்தனியே முளைத்தன. அதனால்தான் இங்கிலாந்தில் மிக அதிகமாக வழங்கும் இருபது குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அட்டன்பரோ போன்ற அரிய பெயர் கொண்ட ஆண்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே தந்தைவழியைக் காட்டினார்கள். ஸ்மித் போன்ற பொதுப் பெயர் கொண்டவர்களிடையே அப்படி எந்த நெருக்கமும் தென்படவில்லை. வாக்கரும் இந்த இரண்டாவது வகைதான். அமெரிக்காவின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெயரில் உள்ள ‘டபிள்யூ’ வாக்கர் என்பதன் முதலெழுத்து. அதை வைத்து உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இங்கே இந்தப் பெயர் ரத்தவழியாக மட்டும் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. படைவீரரின் விதவை மறுமணம் செய்தபோது பிள்ளைகள் புதுத் தந்தையின் பெயரை ஏற்றதுண்டு. போர்த்துகீசியப் பெயர் கொண்டிருந்த குடும்பங்கள் ஆங்கிலப் பெயருக்கு மாறியதுண்டு. எனவே யார்க்ஷயரிலிருந்து முன்னோக்கி வராதீர்கள். போத்தனூரிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

தாத்தாவின் திருமணப் பதிவுதான் உங்களுக்கு முதல் படி. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி எழுதப்பட்ட பதிவில் மணமக்களின் வயது, தொழில், வசிப்பிடம் ஆகியவற்றோடு இருவரின் தந்தையர் பெயரும் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயர் கையில் கிடைத்துவிடும். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவரானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் நகல்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என் 2’ என்ற வரிசை முழுவதும் மதராஸுக்கு உரியது. அவற்றின் படங்களைக் கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்டில் காணலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் புரட்ட, இலவசமான ஃபேமிலிசர்ச் தளமும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்காகவே இயங்கும் ஃபிபிஸ் சங்கத்தின் தளமும் போதும். காசு கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தேடல் 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை போய்விட்டால், படைவீரர்களின் பிள்ளைகளுக்காகச் சென்னையில் நடந்த அனாதை இல்லங்களையும் நினைவில் வையுங்கள். 1789இல் எழும்பூரில் தொடங்கி ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற ஆண் பிள்ளைகள் இல்லம் அவற்றில் பெயர்பெற்றது. அங்கே வளர்ந்தவர்களில் பலருக்குத் தந்தையின் பெயர் பதிவில் இருக்கும், தாயின் பெயர் இருக்காது. இந்தியத் தாய்மார்களை எழுத மனமில்லாத கை அது. உங்கள் பூர்வீகத்தில் பாதியாவது அந்தப் பெயரில்லாத பெண்களுடையது என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள். குலச்சின்னம் விற்பவர் சொல்லமாட்டார்.

குடும்பம் கத்தோலிக்கமாக இருந்தால் லண்டன் நகல்களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அந்தந்தப் பங்கின், அதாவது ஊர்த் தேவாலயத்தின், பதிவேடுதான் கதி. ரயில்வேக் குடும்பம் இடமாற்றலில் அலைந்திருக்கும் என்பதால் போத்தனூரோடு நிற்காமல் ஜோலார்பேட்டை, அரக்கோணம், பெரம்பூர் என்று தாத்தா பணியாற்றிய ஊர்களையும் எழுதி வைத்துக்கொண்டு விசாரியுங்கள். பங்குத்தந்தைக்கு எழுதும்போது, வழக்கமாகத் தரும் சுருக்கச் சான்றிதழ் வேண்டாம், பதிவேட்டில் உள்ள முழுப் பதிவும் ஓரக்குறிப்பும் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை வளர்ந்து எங்கே, யாரைத் திருமணம் செய்தது என்பதைப் பழைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே பின்னர் எழுதிச் சேர்க்கும் வழக்கம் கத்தோலிக்கத் திருச்சபையில் உண்டு.