ஜமைக்காவின் தேசிய நாயகர்கள் தினம்: கேள்வி பதில்

கேள்வி: இந்த விடுமுறையின் தேதி ஆண்டுதோறும் மாறுகிறதே, எப்படிக் கணக்கிடுவது?

அக்டோபரின் மூன்றாவது திங்கட்கிழமை. 15-க்கு முன்போ 21-க்குப் பின்போ வராது. காலண்டரில் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். மாதம் வியாழனில் பிறந்தால் முதல் வரிசையில் திங்களே இருக்காது. திங்கட்கிழமைகளை மட்டும் எண்ணுங்கள்: 2026-இல் 5, 12, 19. ஆக, 19.

கேள்வி: ஏழு தேசிய நாயகர்கள் யார் யார்? பாப் மார்லி உண்டா?

மார்கஸ் கார்வி, பால் போகிள், ஜார்ஜ் வில்லியம் கார்டன், அலெக்சாண்டர் பஸ்டமான்டே, நார்மன் மேன்லி, சாம் ஷார்ப், நேனி. கடைசி இருவரும் 1975-இல் சேர்க்கப்பட்டவர்கள். மார்லி இல்லை, அவருக்கு 1981-இல் கிடைத்தது ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்ற வேறு விருது.

கேள்வி: கார்டன் 1865 மொரான்ட் பே கலகத்தில் இறங்கியவரா? ஏன் தூக்கிலிட்டார்கள்?

1865 அக்டோபர் 11 அன்று மொரான்ட் பே நீதிமன்றத்துக்குப் போகிள் மக்களைத் திரட்டிச் சென்றார். கார்டன் அன்று அங்கே இல்லவே இல்லை. அவர் சட்டமன்ற உறுப்பினர். ஏழைகளுக்காக பிரிட்டிஷ் ஆளுநர் எய்ரை எதிர்த்துப் பேசிவந்தார். அதுதான் அவர்மேல் இருந்த கோபம். கார்டன் பிடிபட்ட கிங்ஸ்டனில் ராணுவச் சட்டம் கிடையாது, அங்கே வழக்கு நடந்தால் சாதாரண நீதிமன்றம்தான். அதனால் அவரைக் கப்பலேற்றி, ராணுவச் சட்டம் நடப்பிலிருந்த மொரான்ட் பேக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை விசாரணை, திங்கட்கிழமை, அக்டோபர் 23 அன்று, தூக்கு. சாவுக்கு முன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுத மட்டும் நேரம் கிடைத்தது. மறுநாள் போகிளையும் தூக்கிலிட்டார்கள். கலகத்தை அடக்கியதில் நானூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வீடுகள் ஆயிரம் எரிந்தன. இந்த ஊர் மாற்றும் தந்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது என்பேன்.

கேள்வி: தண்டனை பெற்ற நாயகர்கள் சட்டப்படி இன்னும் குற்றவாளிகளா?

இல்லை. ஆனால் நாயகர் என்று அறிவித்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகும்வரை அந்தத் தீர்ப்புகள் அப்படியே கிடந்தன. 2018-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஷார்ப், போகிள், கார்டன், கார்வி ஆகியோரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விடுவித்தது. அமெரிக்காவில் கார்விக்கு விதித்த தண்டனைக்கு மன்னிப்பு 2025 ஜனவரியில்தான் வந்தது. இவ்வளவு தாமதம் எந்த நியாயத்திலும் சேராது.

கேள்வி: மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் வீரர் கேரி சோபர்ஸ் ஏன் பட்டியலில் இல்லை?

அவர் பார்படோஸின் தேசிய நாயகர். அந்நாட்டின் நாயகர்கள் தினம் ஏப்ரல் 28.

கேள்வி: அந்த நாளில் அங்கே இருந்தால் என்ன பார்க்கலாம்?

கிங்ஸ்டனின் தேசிய நாயகர்கள் பூங்காவுக்குப் போங்கள். 1964-இல் லண்டனிலிருந்து கொண்டுவந்து அடக்கிய கார்வியின் கல்லறை அங்கேதான். வங்கி, அரசு அலுவலகம் எதுவும் இயங்காது, வெள்ளிக்கிழமையே பணம் எடுத்துவிடுங்கள். கையில் நேனி படம் போட்ட பழைய 500 டாலர் நோட்டு வந்தால் உற்றுப் பாருங்கள். தலையில் துணி கட்டிய பெண். அந்த நோட்டையே மக்கள் ‘நேனி’ என்கிறார்கள்.