மரணச் சான்றிதழ் எடுத்தால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கணவர் இராணுவத்திடம் சரணடைந்தார். நானும் பிள்ளைகளும் கண்ணால் கண்டோம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. காணி உறுதி அவர் பெயரில்தான். மகன் அதை ஈடு வைத்துக் கடன் எடுக்கப் பார்க்கிறான். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்கிறார் கிராம அலுவலர். எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் கூட இருப்பவர்கள். என்ன செய்வது? – முல்லைத்தீவு வாசகி

பதில்: அம்மா, இன்றைக்கே மரணச் சான்றிதழுக்குப் போகத் தேவையில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் காணாமற்போனவருக்கென்றே ஒரு சான்றிதழ் வந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது, காணவில்லை என்று மட்டும் சொல்லும். காணாமற்போனோர் அலுவலகத்தில் உங்கள் முறைப்பாடு பதிவாகியிருந்தால் அவர்களின் அறிக்கையோடு பதிவாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கலாம். பதிவாகாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். அலுவலகத்தின் மீது நம்பிக்கை இல்லை என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் இந்தக் காகிதத்துக்கு வழக்கமான வழி அந்த வாசல்தான்.

இந்தச் சான்றிதழ் உதவிப்பணம் கோரவும், பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கவும், அவரது சொத்தைப் பராமரிக்கவும் பயன்படும். காணியின் உரிமையை உங்கள் பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்றித் தராது. ஈடு கேட்கும் வங்கி இதை மட்டும் வைத்துக் கடன் தருவது சந்தேகம். மகனுடைய திட்டம் இங்கேதான் சிக்கும். வேறு பிணை கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வேறு வழியே இல்லாமல் ஒருநாள் மரணச் சான்றிதழ் எடுக்க நேர்ந்தால், குற்றம் அதோடு அழிந்துவிடாது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றது. குடும்பத்தின் சொத்து, நலன்புரி விடயங்களை அரசு சீர்செய்து கொடுக்க வேண்டும், அதைச் சாக்காக வைத்து விசாரணையை நிறுத்தக் கூடாது என்கிறது அதன் 24 ஆவது உறுப்புரை. கூட இருப்பவர்களின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள், விசாரித்து மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபயவே சொன்னார். எப்படி இறந்தார்கள், யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

உண்மையான ஆபத்து விண்ணப்பத்தோடு நீங்கள் கையெழுத்திடும் சத்தியக் கடதாசியில் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 'ஷெல் விழுந்து இறந்தார்' என எழுதிக் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். எழுதவே எழுதாதீர்கள். நாளைக்கு ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரும் மனு) போட்டால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான். இப்படிச் சரணடைந்தவர்களில் ஒருவரான, விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளர் எழிலன் தொடர்பான மனுவில், அவரை ஆஜர்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கே சரணடைந்ததை நேரில் கண்ட மனைவியின் சாட்சியத்தில் நின்றது. உங்களிடமும் அதே சாட்சியம் இருக்கிறது.

ஆகவே எந்தப் படிவத்திலும் கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள்: இன்ன இடத்தில், இன்ன நாளில், அவர் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்டேன், அதன் பின் காணவில்லை. செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, முந்தைய ஆணைக்குழுக்கள் எங்கே சொல்லியிருந்தாலும் அந்தப் பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள். ஒன்றுக்கொன்று திகதி முரண்பட்டால் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். மூலப் பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். கிராம அலுவலர் நீட்டும் படிவத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனை வைத்து வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.